முதலில் பாதத்தின் சுமையை இறக்குங்கள்
சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண்ணுக்கு உயிரணு சிகிச்சை என்றதும் நம்பிக்கை பிறக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. பச்சிளங் குழந்தைகளிடமிருந்து அகற்றிய முன்தோலின் உயிரணுக்களைக் கொண்டு வளர்க்கப்படும் ‘ஏப்ளிகிராஃப்’ தோலுக்கு, இந்தப் புண்களுக்காக அமெரிக்கா 2000-இல் அனுமதி அளித்தது. 2001-இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 56 சதவீதத்தினருக்கு 12 வாரங்களில் புண் முழுமையாக ஆறியது. பெறாதவர்களில் 38 சதவீதத்தினருக்கு. இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். இரு தரப்புக்குமே அழுகிய சதையை நீக்கி, பாதத்தில் எடை விழாமல் காத்தார்கள். ரத்த ஓட்டம் போதிய அளவு இருந்தவர்களையே சேர்த்தார்கள். வைத்த உயிரணுக்கள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, நம் திசுவைத் தூண்டிவிட்டு மறைகின்றன. ரத்தம் எட்டாத, நாள்தோறும் மிதிபடும் புண்ணில் அவற்றை வைப்பது வீண்செலவு.

அடிப்படைச் சிகிச்சைக்கும் ஆறாதவர்கள் காலை இழக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்கு வாரமாகியும் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. அவர்களுக்கு இந்தச் சிகிச்சையைக் காப்பீடே ஏற்க வேண்டும். ஆனால் சுமை இறக்கும் மாவுக்கட்டும் ரத்தநாளப் பரிசோதனையும் கிடைக்காத மருத்துவமனையில் உயிரணுச் சிகிச்சையை முதலில் தொடங்குவதை என்னால் ஏற்க முடியாது.