வீட்டுக்குள்ளும் விலாசம் வேண்டும்



கோட்டாறு சவேரியார் திருவிழா நிறைவுற்ற டிசம்பர் 3 அன்று, நள்ளிரவை நெருங்கும் நேரம். வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, வீட்டுக் கேமரா ஒன்றுமே தெரியவில்லை. யாரும் போனை எடுக்கவில்லை. கொஞ்சம் போய்ப் பார்ப்பீர்களா?" குரல் நடுங்கியது. விரைந்து சென்றோம். முதிய பெற்றோரும், விருந்துக்கு வந்து தங்கியிருந்த பேரனும் திருவிழாக் களைப்பில் அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தனர். நலச்செய்தி சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

கேமரா ஏன் இருண்டது? மறுநாள் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது.

வைஃபை ரூட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.10 என்பது போன்ற ஓர் எண் விலாசத்தை வழங்குகிறது. நம் ஊர்கள் பலவற்றிலும் 'கோயில் தெரு, 10-ஆம் எண்' உண்டு. ஆயினும் ஊருக்குள் குழப்பமில்லை. அதுபோல இவ்வெண்ணும் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். இவ்வகை எண் விலாசங்கள் உலகில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. அவை போதாமையை முன்னுணர்ந்து, 1994-இல் இத்தகைய உள் விலாசங்களுக்கெனச் சில எண்வரிசைகள் ஒதுக்கப்பட்டன. பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம். ஒரே வீட்டுக்குள் இருவருக்கு இருத்தல் ஆகாது.

அவ்வீட்டில் நேர்ந்தது இதுவே. கேமராப் பதிவுக்கருவிக்கு 10 என்ற எண்ணை நிலையாகக் குறித்திருந்தனர். ரூட்டரோ, 2 முதல் எல்லா எண்களையும் வருவோர்க்கு வழங்கும்படி விடப்பட்டிருந்தது. அன்று மாலை மழையில் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டரில் ரூட்டர் இயங்க, பதிவுக்கருவி அணைந்து கிடந்தது. விருந்தினர் கைபேசிகள் ஒவ்வொன்றாய் எண் பெற, காலியாய்த் தோன்றிய 10 பேரனின் கைபேசிக்குப் போயிற்று. மின்சாரம் திரும்பியதும் பதிவுக்கருவி தன் பழைய எண்ணையே கோரியது. ஒரே விலாசத்துக்கு இருவர். கேமரா இணைப்பு அறுந்தது.

பரிகாரம் எளிது. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள விலாசத்தை, பெரும்பாலும் 192.168.1.1, உலாவியில் தட்டி, கடவுச்சொல் கொடுத்து உட்புக வேண்டும். அங்கே டி.எச்.சி.பி. என்னும் பகுதியில், தானாக வழங்கும் எண்களை 100 முதல் 200 வரை என வரையறுக்கலாம். 2 முதல் 99 வரை உள்ளவை கேமரா, அச்சுப்பொறி போன்ற நிலையான கருவிகளுக்கு. அல்லது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய 12 எழுத்தெண் கொண்ட மேக் அடையாளத்தைப் பதிந்து, இன்ன கருவிக்கு இன்ன எண் என முன்பதிவு செய்யலாம். மாடிக்கு இரண்டாம் ரூட்டர் வைப்போர், இரண்டுக்கும் 192.168.1.1 என்றே விட்டுவிடலாகாது, ஒன்றை 192.168.2.1 என மாற்றுக. ரூட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றுக. எந்தக் கருவிக்கு எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் ஒட்டி வையுங்கள்.

பிள்ளைகள் கடல் கடந்திருக்கும் இல்லங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளே, திரும்பிச் செல்லுமுன் இந்த அரைமணி நேர வேலையை முடித்துச் செல்லுங்கள். அத்தோடு பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா இருண்டாலும் கதவைத் தட்ட ஒரு கை வேண்டுமல்லவா?