கணக்கு யாருக்கு வராது?

"காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது சார்." அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவர் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு கல்வியாண்டைக் கடக்க முடியாது. சொல்பவர்கள் யாரும் தங்களைச் சாதி பார்ப்பவர்களாக நினைப்பதில்லை. அனுபவத்தில் சொல்கிறார்களாம். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற நான் சொல்கிறேன்: இது அப்பட்டமான சாதி. பிறப்பை வைத்து மூளையை அளக்கும் பழைய வழக்கம்தான் இப்போது மதிப்பெண் பட்டியலின் மொழியில் பேசுகிறது.

கணக்கு இந்த மண்ணில் என்றைக்குமே வெறும் பாடமாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வைத்து மாகாணி, அரைக்கால், முந்திரி என்று பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். நெல்லும் நிலமும் அந்தப் பின்னங்களில்தான் அளக்கப்பட்டன. அந்த நிலத்தில் உழைத்த சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியோ தலைமுறை தலைமுறையாக ஒருசில குடும்பங்களிலேயே சுற்றி வந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவியை ஒழித்தது. கணக்கு எழுத ஒரு சாதி, கணக்குக் கேட்கக் கூடாதென்று இன்னொரு சாதி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். கணக்குக் கேட்டதற்கு இந்த நாடு கொடுத்த பதில் அது.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். உடனே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, "மண்டையில ஏறாது" என்று ஒரு தீர்ப்பு. அந்த விடை எப்படி வந்தது என்று பாருங்கள். "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி" என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். 2இல் 7 போகாது, எனவே 7இல் 2ஐக் கழித்து 5 என்று எழுதுகிறது குழந்தை. நாம் கொடுத்த விதியை நம்பியதுதான் அது செய்த குற்றம். அதே குழந்தை கடையில் 52 ரூபாய் கொடுத்து 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், 27க்கு மேல் 3, பிறகு 20, பிறகு 2 என்று எண்ணி 25 ரூபாயைச் சரியாக வாங்கி வரும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1985இல் வெளிவந்தது. வியாபாரத்தில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்குச் சரியாக விடை சொன்ன அந்தப் பிள்ளைகள், அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காட்டைத்தான் சரியாகச் செய்தார்கள். 35 குரூசேரோ விலையில் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, 12 வயதுச் சிறுவன் மூன்று மூன்றாகக் கூட்டி 105, 210, 315 என்று போய் 350ஐப் பிடித்தான். பள்ளி சொல்லும் 'ஒரு சுழியம் சேர்' அவனுக்குத் தேவைப்படவில்லை. பிள்ளைகளிடம் கணக்கு இருக்கிறது. அதை அடையாளம் காணப் பள்ளிக்குத்தான் தெரியவில்லை.

அடையாளம் காண நேரம் வேண்டும், ஆள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! இதில் ஒருவர் கூட்டத்துக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறது. பின்தங்கியவரைக் கைதூக்கிவிட இது உதவும். ஆனால் ஆண்டு முழுவதும் 'அரும்பில்' எந்தத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காவிட்டால், அந்த அரும்பு இன்னொரு கடைசி பெஞ்சு ஆகிவிடும்.

நீட்டையும் ஐஐடியையும் பற்றி நாம் ஆவேசமாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் "உனக்குக் கணக்கு குரூப் வேண்டாம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும் வேலை, மூன்றாம் வகுப்புக் கழித்தலிலேயே தொடங்கிவிடுகிறது. கதவு அங்கேயே சாத்தப்பட்ட பிறகு, நுழைவுத் தேர்வு அவளுக்கு ஒரு செய்தி மட்டுமே.

எனவே தோழர்களே, உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேளுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து இடமதிப்பு சொல்லித் தருகிறார்களா, தவறான விடைக்கு "எப்படிப் போட்டாய்?" என்று கேட்கிறார்களா, வாய்ப்பாடு சொல்லாத பிள்ளையை முட்டி போட வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். "அந்தப் பிள்ளைகளுக்கு வராது" என்று யாராவது சொன்னால், எந்தப் பிள்ளைகளுக்கு என்று அங்கேயே திருப்பிக் கேளுங்கள். அவர் வாயால் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லட்டும்.