மெழுகுவர்த்திக்கு ஓட்டுப் போட்டவங்க எங்கே ஏமாந்தாங்க?



"அவங்களுக்கெல்லாம் ஜனநாயகம் சரிப்பட்டு வராது." ஈராக் பேச்சு வந்தாலே டீக்கடையிலயும் வாட்ஸ்அப்பிலயும் இந்த வரிதான் வந்து விழுது. நாலு எழுத்து படிச்சவங்களே சொல்றாங்க. சோம்பேறித்தனமான பேச்சு இது. அதைவிட முக்கியம், இது பொய்.

2005 ஜனவரி 30-ஐ நினைச்சுப் பாருங்க. சதாம் விழுந்து இரண்டு வருசம்கூட ஆகலை. தெருவுல அமெரிக்க டாங்கி. வாக்குச்சாவடிக்குப் போறவனைக் கொல்லுவோம்னு பகிரங்க மிரட்டல். அன்னைக்கு ஒரு நாள்ல மட்டும் தற்கொலைத் தாக்குதல்கள்ல பலர் செத்தாங்க. அப்படியும் ஏறத்தாழ 85 லட்சம் பேர் வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்க. ஊதா மை வச்ச விரலோட வீடு திரும்புறதே ஆபத்து. அந்த விரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு வந்த கிழவிகளைப் பார்த்து "ஜனநாயகம் புரியாதவங்க" என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இன்னொன்றும் சொல்லியாகணும். நம் தரப்பில் சிலருக்கே இது பிடிக்காது. அந்தத் தேர்தலை முதலில் கேட்டது அமெரிக்கா இல்லை. அரசியல் சட்டம் எழுதுறவங்களை மக்கள்தான் தேர்ந்தெடுக்கணும்னு 2003-லேயே ஃபத்வா கொடுத்தவர் நஜஃபில் இருந்த மதத் தலைவர் சிஸ்தானி. ஆக்கிரமிப்பு நிர்வாகம் நேரடித் தேர்தலைத் தள்ளிப்போடவே பார்த்தது. 2004 ஜனவரியில் பாக்தாத் தெருவுல பெருங்கூட்டம் இறங்கின பிறகுதான் இறங்கி வந்தாங்க. ஆக, மதவாதி என்றாலே தேர்தலுக்கு எதிரி என்று கணக்குப் போடுறதும் தப்பு.

அப்போ தப்பு எங்கே நடந்தது?

முதல்ல வாக்குச்சீட்டுலேயே நடந்தது. நாடு முழுக்க ஒரே தொகுதி. வேட்பாளருக்கு ஓட்டுப் போட முடியாது, பட்டியலுக்குத்தான் போடணும். ஷியா மதக் கட்சிகளின் கூட்டணிக்கு எண் 169, சின்னம் மெழுகுவர்த்தி. பாதுகாப்பைக் காரணம் காட்டி வேட்பாளர் பெயர்களில் பலவற்றைக் கடைசி வரைக்கும் வெளியிடவே இல்லை. என்ன திட்டம், யார் ஆளு, எவ்வளவு சொத்து, எதுவும் தெரியாது. பெரியவர் ஆசி இருக்குன்னு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட சீட்டில் கொள்கையைப் பார்த்தா ஓட்டுப் போட முடியும்? நம்மாளுன்னு பார்த்துத்தான் போட முடியும். 275 இடத்துல 140 அந்தக் கூட்டணிக்கு. குர்துக் கூட்டணிக்கு 75. சன்னிகள் பெரும்பான்மையா இருக்கிற அன்பார் மாகாணத்துல பதிவான வாக்கு வெறும் 2 சதவீதம். மாகாணவாரியா இடம் ஒதுக்கியிருந்தா, எத்தனை பேர் புறக்கணிச்சாலும் அன்பாருக்கு உரிய இடம் அன்பாருக்கே இருந்திருக்கும். ஒரே தொகுதின்னு ஆனதால அதுவும் போச்சு. இந்த அவைதான் உட்கார்ந்து நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியது. அஸ்திவாரத்துலேயே ஒரு தூண் இல்லை.

அடுத்தது அமைச்சகப் பங்கீடு. ஈராக்கியர்கள் இதுக்கு வச்ச பேர் 'முஹாஸஸா'. பிரதமர் ஷியா, ஜனாதிபதி குர்து, சபாநாயகர் சன்னி. அரசியல் சட்டத்தில் எழுதாத சட்டம் இது. இதைச் சமூகநீதின்னு நினைச்சுடாதீங்க. ஒடுக்கப்பட்டவனுக்குக் கதவு திறக்கிறது ஒன்று. கட்சித் தலைவர்கள் கஜானாவைக் கூறு போட்டுக்கிறது முற்றிலும் வேற. சுகாதாரம் உனக்கு, எண்ணெய் எனக்கு, உள்துறை அவருக்கு.

அந்த உள்துறையில என்ன ஆச்சு தெரியுமா? 2005-ல் அது போனது, சொந்தமா 'பத்ர்' என்ற ஆயுதப்படை வச்சிருந்த மதக் கட்சியின் கைக்கு. போலீஸ் சீருடைக்குள்ளே கட்சிப் படை புகுந்தது. அந்த நவம்பரில் பாக்தாத்தின் ஜாதிரியாவில், உள்துறைக்குச் சொந்தமான ரகசியச் சிறையில் சுமார் 170 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சன்னிகள். பட்டினி, உடம்பெல்லாம் சித்திரவதைத் தழும்பு. சதாம் ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளானவங்க நடத்துன அரசாங்கம் அது! மறுபக்கம் அல்-கொய்தா ஷியா சந்தைகளில் குண்டு வச்சுக்கிட்டே இருந்தது. 2006 பிப்ரவரியில் சமாரா தர்கா தகர்க்கப்பட்ட பிறகு, அக்கம்பக்கத்துக்காரனே அக்கம்பக்கத்துக்காரனுக்கு எமனானான்.

மதக் கட்சி தேர்தலில் நிற்கலாமா என்று நம்மகிட்ட கேட்டா, நிற்கட்டும் என்றுதான் சொல்லுவோம். தடை போட்டால் தியாகியாகி இன்னும் பெரிசா வருவாங்க. ஆனா துப்பாக்கியை வெளியே வச்சுட்டு வரணும். தோற்றா வீட்டுக்குப் போகணும். ஈராக்கில் இரண்டுமே நடக்கலை. 2010-ல் மதச்சார்பற்ற அலாவியின் கூட்டணிக்கு 91 இடம், பிரதமர் மாலிக்கிக்கு 89. யார் ஆட்சி அமைக்கணும்? தேர்தலுக்குப் பிறகு சேர்ந்துக்கிட்டாலும் அதையே பெரிய அணியா எடுத்துக்கலாம்னு நீதிமன்றம் சொன்னது. மாதக்கணக்கா பேரம் நடந்து மாலிக்கியே தொடர்ந்தார். 2014 ஜூனில் மோசூல் ஐஎஸ் கையில் விழுந்தபோது அந்த ஆட்சியின் லட்சணம் வெளுத்தது. அந்த வருசக் கடைசியில் அடுத்த பிரதமர் அபாதியே சொன்னார்: சம்பளப் பட்டியலில் 50,000 பேய்ச் சிப்பாய்கள். ஆள் இல்லை, சம்பளம் மட்டும் போயிருக்கு.

பெண்கள் கதையைத் தனியா சொல்லணும். 1959-லேயே ஈராக்கில் எல்லாருக்கும் பொதுவான குடும்பச் சட்டம் இருந்தது. எண் 188. ஆளும் பேரவையில் இருந்த மதக் கட்சிகள் 2003 டிசம்பரில், வந்த வேகத்தில், அதை ஒழிக்கத் தீர்மானம் போட்டன. பெண்கள் தெருவுக்கு வந்தாங்க, இரண்டே மாதத்தில் தீர்மானம் சுருண்டது. ஆனா அவங்க மறக்கலை. 2025 ஜனவரியில் திருத்தம் நிறைவேறிடுச்சு. திருமணம், விவாகரத்து, குழந்தைப் பராமரிப்பை ஷியா ஜாஃபரி விதிப்படி வச்சுக்கலாம்னு ஆச்சு. எப்படி நிறைவேறிச்சு பாருங்க. சன்னிக் கட்சிகள் கேட்ட பொதுமன்னிப்புச் சட்டம், குர்துகள் கேட்ட நிலச் சட்டம், ஷியா கட்சிகள் கேட்ட இது, மூன்றும் ஒரே கட்டா ஒரே நாளில். பேரத்தில் எல்லாருக்கும் ஏதோ கிடைச்சது. பெண்களுக்குப் பேர உட்காரக்கூட நாற்காலி இல்லை. இத்தனைக்கும் நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசியல் சட்டமே சொல்லுது. கட்சித் தலைவர் கை தூக்கச் சொன்னா தூக்கணும், அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் ஈராக் மக்கள் வாயை மூடிக்கிட்டா பார்த்தாங்க? 2015-லேயே தெருவுல முழக்கம் கேட்டது: "மதத்தின் பேரால் திருடர்கள் எங்களைக் கொள்ளையடிச்சாங்க." 2019 அக்டோபரில் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கமும் நசிரியாவும் பஸ்ராவும் கொதிச்சது. கவனிங்க, அது ஷியா தெற்கு. மெழுகுவர்த்திக்கு ஓட்டுப் போட்ட தாய்மார்களின் பிள்ளைகள், அதே கட்சிகளுக்கு எதிரா நின்னாங்க. கேட்டது ஒன்றே ஒன்று: "எங்களுக்கு ஒரு நாடு வேணும்." ஏறத்தாழ 600 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. நவம்பர் 28-ல் நசிரியாவில் பிணங்கள் விழ, மறுநாள் பிரதமர் அப்துல் மஹ்தி பதவி விலகுவதாக அறிவிச்சார்.

அந்தப் பிள்ளைகள் ரத்தம் கொடுத்து வாங்கியது ஒரு தேர்தல் சட்டம். நாட்டை 83 தொகுதியா பிரிச்சு, ஆளைப் பார்த்து ஓட்டுப் போடலாம் என்ற சட்டம். 2021-ல் சுயேச்சைகள் கொஞ்சம் பேர் உள்ளே வந்தாங்க. 73 இடம் பிடிச்சு முதலாவதாக வந்த சதர், அடுத்த ஆண்டு தன் உறுப்பினர்கள் அத்தனை பேரையும் ராஜினாமா செய்ய வச்சார். காலியான இடங்கள் போனது பெரும்பாலும் அவரோட எதிரிகளான பழைய கட்சிகளுக்கே. 2023 மார்ச்சில் அவங்க செய்த வேலை, அந்தத் தேர்தல் சட்டத்தை மாத்தி மறுபடி மாகாணப் பட்டியலுக்கே கொண்டு போனது.

#ஈராக் #மதமும்_அரசும்