சிறைச்சுவருக்கு அப்பாலும் நீதி

தைப்பிங்கில் உள்ள பேராக் அரும்பொருளகத்தைக் காணச் சென்ற மாணவர்கள், அதற்கு எதிரே நீண்டு நிற்கும் உயர்ந்த சுவரையும் பார்த்திருப்பர். அதுதான் 1879ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தைப்பிங் சிறைச்சாலை. குற்றவாளியை அத்தகைய சுவருக்குள் அனுப்பியதும் நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். என் கருத்து வேறு. சிறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதும் நீதிமன்றத்தின் கடமையே.

"குற்றம் செய்தவனுக்கு என்ன உரிமை?" எனச் சிலர் கேட்கலாம். பாதிக்கப்பட்டவரின் வேதனையை எண்ணும்போது இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும், தீர்ப்பில் இல்லாத அடியையும் பட்டினியையும் சேர்த்துக் கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. மேலும், கைதிகளுள் பெரும்பாலோர் ஒரு நாள் விடுதலையாகி நம் குடியிருப்புகளுக்கே திரும்புவர். உள்ளே மனிதராக நடத்தப்பட்டவரே வெளியே மனிதராக வாழக் கற்றுக்கொள்வார்.

நீதிமன்றத்தால் சிறையை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு கடிதமே சான்று. 1979இல் டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவர் தமக்காக எழுதவில்லை. சிறைக்காவலரால் கொடுமைப்படுத்தப்பட்ட வேறொரு கைதிக்காக எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, உண்மையை அறிய வழக்கறிஞர்களைச் சிறைக்கு அனுப்பியது. தீர்ப்பை எழுதிய வி. ஆர். கிருஷ்ண ஐயர், 1948இல் தாமே சிறையில் இருந்தவர். நீதிபதிகள் சிறைகளைப் பார்வையிட வேண்டும், கைதிகளுக்குப் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என அத்தீர்ப்பு ஆணையிட்டது.

வறுமையினால் சிறையில் வாடுவோரையும் நீதிமன்றம் மறக்கலாகாது. பேராக்கில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. பால்மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்து ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் சந்தேகத்தின் பேரில் கைதாவதாகக் கொள்வோம். ஜாமீன் பணம் கட்ட வழியில்லையெனில், குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே அவன் சிறையில் காத்திருக்க நேரிடும். அதே குற்றச்சாட்டுக்கு ஆளான பணக்காரப் பிள்ளையோ வீடு திரும்பிவிடுவான். 1979இல் இந்தியாவின் பீகார் மாநிலச் சிறைகளில், உரிய தண்டனைக் காலத்தைவிட அதிகக் காலம் விசாரணைக்காகவே காத்துக் கிடந்த ஏழைகளை விடுவிக்க உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் நல்ல அடித்தளம் உண்டு. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் எனக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு கூறுகிறது. 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் வசதியற்றோருக்கு இலவச வழக்கறிஞர்களை வழங்கி வருகிறது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பின், முன்னர் விதிக்கப்பட்ட மரண தண்டனைகளைக் கூட்டரசு நீதிமன்றம் மறு ஆய்வு செய்தது. தீர்ப்பு வழங்கிய பிறகும் நீதிமன்றம் கைதியைத் திரும்பிப் பார்க்கலாம் என்பதை இது காட்டுகிறது.

எனினும், ஆணைகள் மட்டும் போதா. சுனில் பத்ரா தீர்ப்புக்கு 34 ஆண்டுகள் கழித்து, 2013இல், இந்தியாவின் 1,382 சிறைகளின் அவலநிலையைச் சுட்டிக்காட்டி முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரே உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆணையிட்ட நீதிமன்றம், அது நிறைவேறியதா என்றும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஆகவே, பேராக்கின் தைப்பிங், பத்து காஜா, தாப்பா சிறைகள் உட்பட எல்லாச் சிறைகளுக்கும் நீதிபதிகள் முறையாகச் சென்று கைதிகளின் குறைகளை நேரில் கேட்க வேண்டும். ஜாமீன் தொகையை முடிவு செய்யும்போது குடும்பத்தின் வருமானத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். சட்டம் அறிந்த மாணவர்கள் நாளை வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் உயரலாம். அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மனம் அவர்களுக்கு வேண்டும்.