வடிகட்டியில் மிச்சம் பிடிப்போர்

ரொறன்ரோவில் நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பேர்னஸின் வளிவடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஓர் அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கொருமுறை மாற்றவேண்டும். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும்; வெப்பமாற்றி அளவுமீறிச் சூடேறி, கடுங்குளிரிலேயே பேர்னஸ் நின்றுவிடும். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை நகரை மூடியது. அத்தகைய நுண்துகளைத் தடுக்க, இயந்திரம் தாங்குமாயின், மேர்வ் 13 தர வடிகட்டியே உகந்தது.

"குடியிருப்பவர் மாற்றட்டுமே" என்பது வெறுஞ்சாட்டு. பேர்னஸ் அறையின் திறப்பு உங்கள் கையிலல்லவா இருக்கிறது? ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டமும் பராமரிப்பை வீட்டுக்காரர் பொறுப்பாகவே விதிக்கிறது.

வாடகைத் திகதியை மறவாதவர்களுக்கு வடிகட்டித் திகதி மட்டும் மறந்துபோவது மறதியன்று. கீழே வாழ்பவரின் மூச்சில் பிடிக்கும் மிச்சம்.