வேலி போட்டது யாருக்காக?

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் (பெயர்தான் உதைபந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது) உயர்நிலைப் பாடசாலை மாணவனொருவன் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் பெறுவதற்கு, முதலில் ஒரு பயிற்றுநரின் கண்ணிற் படவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கோடைகாலத்தில் வளாகம் வளாகமாகப் பயிற்சி முகாம்களுக்குப் போய்வருவான். வறிய வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

அவனைத் தேடிப் பயிற்றுநர்களே ஊருக்கு வந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிம் ஹார்போ 2015 இல் தென் மாநிலங்களிலும் இத்தகைய முகாம்களில் பங்கேற்றார். தென்கிழக்கு மாநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வயிறெரிந்தது. எங்கள் முற்றத்தில் அந்நியன் ஆள் பிடிப்பதா? 2016 ஏப்ரல் 8 அன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பேரவை இம்முகாம்களைத் தடைசெய்தது. பசுபிக்-12 மாநாட்டின் பிரதிநிதியோ, தமது பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றின் விருப்பத்துக்கு மாறாகத் தடைக்கு வாக்களித்தார்!

ஹார்போவுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. பெரிய பல்கலைக்கழகம் நடத்தும் முகாமுக்குச் சிறிய பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்களும் வருவார்கள். பெரியவர்கள் கைவிட்ட பையனுக்கு அங்கேயே இடம் கிடைத்துவிடும். அடைபட்டது அந்த வாசல்தான். 'சமநிலை' என்ற சொல்லைப் பலமுள்ளவர் உச்சரிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம்.

கண்டனம் எழுந்ததும் ஏப்ரல் 28 இலேயே தடையை விலக்கினார்கள். ஆனால் 2017 இல், ஜூன், ஜூலை மாதங்களிற் பத்து நாட்கள் மட்டும், அதுவும் பல்கலைக்கழக வளாகத்திலோ அது வழமையாகப் பயன்படுத்தும் மைதானத்திலோதான் என்று புதிய விதி வந்தது. பாடசாலை மைதானம் மறுபடியும் வெளியே. பஸ் கட்டணம் யார் கொடுப்பது என்று அந்த விதியில் ஒரு வரியும் இல்லை.