தீட்டிய அரிசியால் குடும்பத்திற்கு நேரும் நஷ்டம்

நெல் விளைவிக்கும் குடியானவர் வீட்டில் ஆகாரக் குறைவு உண்டாகாது என்பது பொதுவான எண்ணம். வயிறு நிரம்புவதைப் பொறுத்தமட்டில் இது மெய்யே. தேகத்திற்கு வேண்டிய சத்தைப் பொறுத்தமட்டில் மெய்யன்று. கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்று நீரால் பாசனம் பெறுகிறது. வீரபாண்டி வயல்களும் இப்பகுதியைச் சேர்ந்தவையே. இங்கே பாடுபட்டு விளைவித்த நெல்லின் சத்துள்ள பாகத்தை அரவை ஆலையில் விட்டுவிட்டு, வெண்மையான பாகத்தை மட்டும் வீட்டிற்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனமாகாது.

உமியை நீக்கியபின் அரிசியின்மேல் தவிட்டுத்தோலும், ஒரு முனையில் முளையும் எஞ்சியிருக்கும். பி-1 என்னும் ஜீவசத்தின் பெரும்பகுதி இவ்விரண்டிலுமே அடங்கியுள்ளது. ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இச்சத்து சுமார் 0.06 மில்லிகிராமே உண்டு. கைக்குத்தல் பச்சரிசியிலும், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலும் சுமார் 0.21 மில்லிகிராம் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே புழுங்கலின் மேன்மைக்குக் காரணமாகும்.

தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் முடங்கியதையும், தவிட்டினால் அவை குணமடைந்ததையும் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் 1890-களில் கண்டறிந்தார். இதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி வியாதி காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் மக்காரிசன், ஐக்ராய்ட் ஆகிய நிபுணர்கள் அரிசியின் சத்தை விரிவாக ஆராய்ந்தனர்.

அவ்வியாதி இன்று அரிதே. ஆயினும் சோறு மிகுதியாகவும், பருப்பும் காய்கறியும் சொற்பமாகவும் உண்ணும் வீடுகளில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இச்சத்து குறையக்கூடும். தாயின் குறைவு பாலுண்ணும் சிசுவையும் பாதிக்கும்.

தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு நாற்றமடித்துப் பூச்சி விழுகிறது என்றும், வேக நேரமாகிறது என்றும் சிலர் ஆட்சேபிப்பர். இவ்விரண்டும் உண்மையே. தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதே நாற்றத்திற்குக் காரணம். ஆகவே அரிசியாகச் சேர்த்துவைக்காமல், நன்கு உலர்ந்த நெல்லாகக் குலுக்கையில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். சமைப்பதற்கு முன் அளவான நீரில் ஊறவைத்து, அந்நீரிலேயே வேகவைத்தால் விறகும் நேரமும் மிச்சமாகும்.

பெண்கள் மறுபடியும் உலக்கை பிடிக்கவேண்டுமென்று சொல்வது நியாயமன்று. வீட்டுச் சாப்பாட்டிற்கான நெல்லைப் புழுக்கி, லேசாகத் தீட்டித் தரும்படி ஆலைக்காரரிடம் கேட்டுக்கொள்வதே போதும். அரிசியைப் பலமுறை கசக்கிக் கழுவாமல், கல்லும் தூசியும் போகுமளவிற்கு ஓரிருமுறை அலசுவது நலம். கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றுவதும் சத்தை ஊற்றுவதேயாம்; அதை உப்பிட்டுக் குடிக்கலாம், அல்லது குழம்பில் சேர்க்கலாம்.

சோறு வெளுப்பாயிருப்பதே கௌரவம் என்னும் எண்ணம் ஒழியவேண்டும். தவிட்டின் அருமையறிந்து அதைக் கறவை மாட்டிற்கு வைக்கும் குடியானவர், அதில் ஒரு பங்கைத் தம் குழந்தைகளின் அரிசியிலேயே விட்டுவைப்பது அவசியம்.